அரிசி டின்னில் ஒளித்த இன்ஹேலர்

மண்ணூர்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி, சாயங்காலம் எடுக்கும்போது பழுப்பு வேட்டி. பகலெல்லாம் லாரிப் புழுதி. போதாததற்கு, பின்னால் காலி மனையில் தாமிரத்துக்காகப் பழைய ஒயரைக் கொளுத்துகிறார்கள். வேட்டியைத் துவைத்துவிடலாம். மகளின் நெஞ்சை என்ன செய்வது? நான்கு வருடமாக அவளுக்கு வீசிங். இன்ஹேலர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த நான்தான், பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அந்த இன்ஹேலரை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். முதலில் என் புத்தகங்களுக்குப் பின்னால்தான் வைத்தேன். வருகிறவர்கள் எதையாவது உருவிப் பார்த்துவிட்டால்? இருபது வருடத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"ஒரு மணி நேரம்தானேம்மா, சமாளிச்சுக்கோ."

"மூச்சு உங்க கிட்ட பர்மிஷன் கேட்டுட்டா நிக்கும்?" என்றாள் மகள்.

ஞாயிறு மாலை முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பையனும் அவன் பெற்றோரும் வந்தார்கள். மகள் காபித் தட்டோடு வந்த நேரம், பின்மனையில் பற்ற வைத்துவிட்டார்கள். கருகிய ரப்பர் நாற்றம் அழையாமல் உள்ளே வந்து நாக்கில் ஒட்டியது. தட்டு ஆடியது. அவள் நெஞ்சுக்குள் விசில்.

"பொண்ணுக்கு இன்னா ஒடம்புக்கு?" என்றார் பையனின் அம்மா.

"சளிங்க. நேத்து ஐஸ்கிரீம் சாப்பிட்டா." வாய் கூசவே இல்லை.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்தார். "எங்க ஊட்லயும் மூணு பேருக்கு இந்தச் சளிதான். இந்தாம்மா."

"என்னுது இருக்கு ஆன்ட்டி," என்று மகள் திணறினாள். "அப்பா... அரிசி டின்ல... போட்டு வெச்சிருக்காரு."

ஓடினேன். முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவினேன். இன்ஹேலரின் வாயில் ஓர் அரிசி சிக்கியிருந்தது. நகத்தால் நோண்டி எடுத்து அவளிடம் கொடுத்தேன். பையனின் அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"இங்க ஒயரா? நம்ம பக்கம் டயரு," என்றார், பூர்வீகம் சொல்வதைப் போல.

மறுநாள் அங்கிருந்து போனில் சம்மதம் வந்தது. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்க வீட்டுல ஜன்னலத் திறந்து வைக்க முடியுமா?"

"முடியாதும்மா. ஆனா மருந்த யாரும் ஒளிச்சு வெக்க மாட்டோம்."

"அது போதும் ஆன்ட்டி."

அன்றைக்கே அரிசியைக் கொட்டிவிட்டு டின்னைத் தேய்த்துக் கழுவினேன். அதற்குள்ளும் அந்த ரப்பர் நாற்றம் இருந்தது. கையை முகர்ந்தேன். அங்கேயும்தான்.