எங்கள் அண்ணனும் அண்ணியின் சாமியும்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே கண்மூடிவிட, படிப்பை நிறுத்தி லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு படூரில் ஒரு கல்லூரிப் பேருந்தை ஓட்டினார். மாமல்லபுரத்தில் குடியேறி, தங்கையான என்னைப் படிக்கவைத்துக் கரையேற்றியவர் அவர்தான்.

அண்ணனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அண்ணியோ செவ்வாய், வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவர். ஆனாலும் ஆடியில் அண்ணி அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது அண்டாவைத் தூக்கி வருபவர் அண்ணன்தான்.

"இன்னா அண்ணாத்த, சாமி இல்லன்னு சொல்லிகினு கூழு ஊத்துற?" என்று தெருக்காரர்கள் சீண்டுவார்கள்.

"சாமி கீதோ இல்லியோ, உனுக்குப் பசி கீது இல்ல? குடி" என்பார்.

அண்ணி நெற்றியில் பூசிவிடும் திருநீற்றை அவர் ஒருநாளும் அழித்ததில்லை. பக்தியோ பகுத்தறிவோ, பக்கத்தில் இருப்பவரை நோகடித்தால் இரண்டுமே வெறும் வீம்பு என்று அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது.

சிறுநீரகம் பழுதாகி அண்ணன் செங்கல்பட்டில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அண்ணி ஊர் அம்மன் கோயிலுக்குப் போனார். வெறுந்தரையில் சோற்றைப் போட்டு, கைகளைப் பின்னால் கட்டி, மண்டியிட்டு மண்சோறு சாப்பிட்டு வேண்டிக்கொண்டார். திரும்பி வந்தவரின் புடவையில் மண்ணைப் பார்த்ததுமே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"எனுக்கோசரம் தரையில சோறு துன்னியா?" என்று கேட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மனுக்குக் கேட்டுச்சோ இல்லியோ, எனுக்குக் கேட்டுச்சு" என்றார்.

அந்த வாரமே எங்களை விட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அண்ணி விளக்கேற்றவில்லை. கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. "வெளக்கு வெக்காத வூடு வெளங்குமா?" என்று ஒரு சொந்தக்காரர் முகத்துக்கு நேரே கேட்டார். அண்ணன் சாமி இல்லை என்றபோது சிரித்துக்கொண்டு கேட்டவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவள் சாமியிடம் முறைத்துக்கொண்டால் மட்டும் பொறுக்கமாட்டேன் என்கிறார்கள். நல்ல நியாயம்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த ஓட்டுநர் நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கைகூப்புகிறேன்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று அண்ணன் படத்துக்கு முன்னால் நான் விளக்கேற்றுகிறேன். அண்ணியை யாரும் வற்புறுத்தாதீர்கள், அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால் போதும். கோபித்துக்கொள்ளவாவது அவருக்கு ஒரு சாமி இருக்கட்டும்.

கண்ணீருடன்,
தங்கை