ஸ்டெல்லா மிஸ்ஸியின் இரண்டு நிமிடங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம் லண்டனிலிருந்து ஸ்டெல்லா மிஸ்ஸியின் மகள் ஷெரின் போன் எடுத்தாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பாள். செவ்வாய்க்கிழமை எடுத்தால் என்ன செய்தி என்று இந்த வயதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அங்கிள், அம்மா போயிட்டா."

"எப்ப பிள்ளை?"

"நேத்துப் பின்னேரம். கதிரையில இருந்தபடியே."

பிறகு அவள் சொன்னாள், முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறார்களாம், அதில் நானும் எழுத வேண்டுமாம். "அந்த மேஜரோட நீங்க இங்கிலிஷ்ல வாதாடி அம்மாவக் காப்பாத்தினீங்கதானே, அத எழுதுங்க அங்கிள். இங்க எல்லாரும் அதச் சொல்லுவாங்க, அம்மா சிரிச்சிட்டே கேப்பா."

ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், தேத்தண்ணி பாதி நான் கட்டியிருந்த சாரத்தில் சிந்தியிருந்தது. மிஸ்ஸியை அறிந்த கொட்டாஞ்சேனைச் சனங்களும் வெள்ளவத்தைச் சனங்களும் இதை வாசிப்பீர்கள். ஷெரின் கேட்ட அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என்னை வெள்ளவத்தையில் தெரியாதவர் இல்லை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ரெலிபோன் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுக்குக் கதைக்க மூன்று பூத், ஒரு போட்டோக்கொப்பி மெசின். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரிந்தவர்கள் மூன்று பேர்; இரண்டு பேர் கனடா போய்விட்டார்கள். மிச்சம் நான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தாலும், றேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டே ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தவன். துறைமுகத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரக் கப்பித்தான் என்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு, நான் எந்தச் சர்வகலாசாலை என்று கேட்டிருக்கிறார். ஒரு மணித்தியாலம் இல்லையென்றாலும் பத்து நிமிடம் இருக்கும்.

ஸ்டெல்லா மிஸ்ஸி முதன்முதல் வந்தது போட்டோக்கொப்பி எடுக்க. நர்ஸ்மாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வீடு கொட்டாஞ்சேனையில், வேலை வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆசுப்பத்திரியில். கையில் கொண்டுவந்தது வெளிநாடு போகிறவர்கள் எடுக்கும் பெரிய ஆங்கிலப் பரீட்சையின் பயிற்சிப் புத்தகம். நூற்றெண்பது பக்கம், யாரிடமோ ஒரு நாளைக்கு இரவல் வாங்கியது.

"ரியூசனுக்குப் போகலாமே மிஸ்ஸி, இந்த றோட்டிலயே ஆறு வகுப்பு இருக்கு."

"போய்ப் பாத்தன் அண்ணே. எல்லாம் என்ட மகள்ட வயசுப் பிள்ளைங்க. நான் உள்ள போனதும் ரீச்சர் எண்டு நினைச்சு எழும்பி நிண்டிச்சுங்க."

அதனால் தனியாகவே படித்தா. படித்த விதத்தை நான் கண்ணால் கண்டேன். ஆசுப்பத்திரியில் கழித்துப்போடும் காய்ச்சல் அட்டைகளின் வெற்றுப் பக்கத்தில் கட்டுரை எழுதுவா. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்ரரைக் கிழித்து, அதில் புதுச் சொல் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுவா. ஒருமுறை அவ வீட்டுக்குப் போனபோது, அடுப்புக்கு மேலே சுவர் முழுக்கப் பிளாஸ்ரர். சுவருக்கு ஏதோ பெரிய ஒப்பரேசன் நடந்ததுபோல இருந்தது.

அந்த வீட்டில்தான் அவவுடைய கணவர் அந்தோனியைப் பார்த்தேன். துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர். யன்னல் பக்கம் கதிரையில் இருந்தார். வணக்கம் சொன்னேன், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வெளியே கொள்கலன் லொறியொன்று பிரேக் போட்ட சத்தத்துக்கு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

பிறகு மிஸ்ஸி சொன்னா. நகரத்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம்; சந்திக்குச் சந்தி செக்பொயின்ற். ஒரு நாள் அந்தோனியை மறித்து எங்கே வேலை என்று கேட்டிருக்கிறார்கள். துறைமுகம் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் சரி. மனுசன் மரியாதைக்காக, எத்தனையாம் இறங்குதுறை, எந்த நேரம் எந்தக் கப்பல் என்று கூட்டிச் சொல்லியிருக்கிறார். சந்தேகத்தில் நான்கு மாதம் அடைத்து வைத்திருந்துவிட்டு விட்டார்கள். திரும்பி வந்தவர் அதன் பிறகு வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் அண்ணே. கூடச் சொன்னா கூடக் கேப்பாங்க." இது மிஸ்ஸியின் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வசனம்.

இங்கிலாந்தில் ஒரு ஆசுப்பத்திரி அவவை எடுக்கத் தயாராக இருந்தது. அந்த வருட முடிவுக்குள் பரீட்சையில் புள்ளி வரவேண்டும். வந்தால் அந்தோனியையும் ஷெரினையும் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டு தரம் எடுத்திருந்தா. வாசிப்பு, எழுத்து, கேட்டல் மூன்றிலும் நல்ல புள்ளி. இரண்டு தரமும் விழுத்தியது பேச்சு. அந்தப் பகுதியில் ஒரு அட்டையில் தலைப்புத் தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். மிஸ்ஸி இரண்டு வசனம் சொல்லிவிட்டு, அடையாள அட்டையைக் கேட்கப் போகிறார்கள் என்பதுபோலக் கையைப் பைக்குள் விட்டிருக்கிறா.

"உங்களுக்கு இங்கிலிஷ் பிழையில்லை மிஸ்ஸி," என்றேன். "உங்களுக்குக் கதை அளக்கத் தெரியேல்லை. அதை என்னட்டை விடுங்கோ."

பின்னேரம் மூன்று மணிக்கு, வேலை முடிந்து வந்தவுடன் மூன்றாம் பூத்துக்குள் போவோம். கதவைச் சாத்தினால் பஸ் சத்தம் கேட்காது. கடற்கரை ரயில் மட்டும் கேட்கும். நடுவில் அவவுடைய சின்ன ரேப்றெக்கோடர். நான் பரீட்சைத் துரை. தொண்டையைச் செருமி, வர்ணனையாளர் குரலில் கேள்வி கேட்பேன். அவ பதில் சொன்னதும் போட்டுக் கேட்போம். ஒரு நாள் தலைப்பு, உங்கள் நகரத்தில் ஒரு கட்டடத்தை விவரியுங்கள் என்பது. கோட்டைப் பக்கத்திலுள்ள ஒரு உயரமான கட்டடத்தை எடுத்தா. பெரியது, பழையது என்றா. நிறுத்திவிட்டா.

"எத்தினை மாடி? எத்தினை வாசல்? எந்த நேரம் சனம் கூட? உச்சியில நிண்டா என்ன தெரியும்? கூட்டுங்கோ மிஸ்ஸி, கூட்டுங்கோ."

"தெரியாதே அண்ணே."

"தெரியாட்டி என்ன, சொல்லுங்கோ. ஆர் போய் எண்ணிப் பாக்கப் போறான்?"

கூட்டினா. ஒரு கிழமையில் இரண்டு நிமிடம் ஏழு விநாடி வந்தது. பதினொரு மாடி, மூன்று வாசல், பின்வாசலால் லொறி, எட்டரைக்குச் சனக்கூட்டம், உச்சியிலிருந்து துறைமுகம். கைதட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பதிவு பிரமாதமாக இருந்தது.

மூன்றாவது பரீட்சை அன்று, துணைக்கு என்னை வரச் சொன்னா. பேச்சுப் பகுதி பதினொரு மணிக்கு. ஒன்பதரைக்கே த்ரீவீலில் காலி வீதியால் புறப்பட்டோம். வழியில் கடைசியாக ஒருமுறை கேட்பதற்காக றெக்கோடரும் கசெற்றும் பையில் இருந்தன.

செக்பொயின்ற்றில் மறித்தார்கள். இருபது துவக்கு எங்களை நோக்கித் திரும்பியது. சரி, இரண்டு. ஆமிக்காரப் பெடியன் பையைத் திறந்து றெக்கோடரை எடுத்துப் பட்டனை அமத்தினான். நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து என் குரல் வந்தது: உங்கள் நகரத்தில் ஒரு கட்டடத்தை விவரியுங்கள். பிறகு ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு மிஸ்ஸி.

அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கட்டடத்தின் பெயர் எந்தப் பாசையிலும் ஒன்றுதானே. உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தான். எங்களை மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலுக்குள் கொண்டுபோனார்கள். அதிகாரிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருந்தது. அது இன்னும் மோசம். பதினொரு மாடி, மூன்று வாசல், எட்டரைக்குச் சனக்கூட்டம். திருப்பிப் போட்டுக் கேட்டார். மறுபடியும் கேட்டார். நான் கூட்டச் சொன்ன ஒவ்வொன்றும் அந்தத் தகரத்தில் பட்டு எனக்குத் திரும்பி வந்தது. அந்தோனி கூட்டிச் சொன்னதற்கு நான்கு மாதம். இது எத்தனை வருடம் என்று என் மனம் தன்பாட்டில் கணக்குப் பார்த்தது.

இதன் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நான் காலுக்கு மேல் கால் போட்டு, "மேஜர், உங்கள் ஆங்கிலத்தில் மூன்று பிழை" என்று சொன்னதும், அவர் எழும்பிக் கைகொடுத்ததும். கலியாண வீட்டில், செத்த வீட்டில், சலூனில், எல்லா இடத்திலும் சொன்னேன். ஒவ்வொரு தரமும் மேஜர் இரண்டு அங்குலம் வளர்ந்தார். உண்மையில் அவர் மேஜரா, வேறு ஏதுமா என்றே எனக்குத் தெரியாது. தோளில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

அவர் கேட்டது ஒரே கேள்வி. கசெற்றில் கேள்வி கேட்கும் இந்த ஆண் யார்?

முதலில் ஆங்கிலத்தில் கேட்டார். நான் சிங்களத்தில், "தன்னே நே சேர்" என்றேன். தெரியாது ஐயா என்று அர்த்தம். சிங்களத்தில் கேட்டார். தன்னே நே சேர். கிட்ட வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். தன்னே நே. மூன்று தரம். ஆண்டவரை மூன்று தரம் தெரியாதென்று மறுதலித்த சீடனை அறிந்த கொட்டாஞ்சேனைக் கோயில் சனங்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கசெற்றில் கேட்டது ஒரு துரையின் குரல். அங்கே நின்றது தொண்டை வற்றிய ஒருவன். இரண்டும் ஒருவரென்று அவரால் சொல்ல முடியவில்லை.

மிஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, ஆங்கிலத்தில், "ஒரு நிமிடம் தாருங்கள்" என்றா. கைக்கடிகாரத்தைப் பார்த்தா. பிறகு தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. வாயைத் திறக்க வேண்டாம் மிஸ்ஸி, கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கோ என்று எனக்குள் கெஞ்சினேன். ஒரு நிமிடம் முடிந்தது. பேசத் தொடங்கினா.

பரீட்சை அனுமதி அட்டையைக் காட்டினா. அந்தக் கட்டடத்துக்குள் தான் ஒரு நாளும் போனதில்லை, மாடிகளை எண்ணியதில்லை, எல்லாம் இரண்டு நிமிடத்தை நிரப்பச் சொன்ன பொய் என்றா. அந்தோனியைப் பற்றிச் சொன்னா. இதுபோன்ற ஒரு இடத்தில் அவர் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதையும், படலையையும், லொறிச் சத்தத்துக்கு அவர் குசினிக்குள் போவதையும். இரண்டு தரம் பேச்சில் விழுந்ததைச் சொன்னா. "நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன்; கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி எனக்குப் பயம் போகவில்லை" என்றா. கடைசியாக, "அந்தக் குரல் எனக்கு உதவி செய்கிற ஒருவருடையது. பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கும் பயம்" என்றா.

ஆங்கிலம் முழுவதும் எனக்கு விளங்கியது. விளங்கியிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கசெற்றை வெளியே எடுத்து மிஸ்ஸியின் கையில் கொடுத்து, "இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விட்டீர்கள். பரீட்சையில் நிறுத்திவிடுவார்கள்" என்றார். வெளியே வரும்போது நேரம் பத்தே முக்கால்.

த்ரீவீல் கொள்ளுப்பிட்டிப் பரீட்சை மண்டபத்துக்கு ஓடியது. இறங்குகிற இடத்தில்தான் கேட்டேன்.

"கோவமா மிஸ்ஸி?"

"என்னத்துக்குக் கோவம்? இண்டைக்குத்தான் நீங்க முதல் தரமா கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. அனுமதி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனா.

புள்ளி வந்தது. அந்த வருடம் முடிய முன்னரே மூன்று பேரும் புறப்பட்டார்கள். அதற்கு முதல் கிழமை கடைக்கு வந்தா. நான் அதற்குள் ஊர் முழுக்க மேஜர் கதையைப் பரப்பியிருந்தேன். அது அவவுடைய காதிலும் விழுந்திருந்தது. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர், "உண்மையோ மிஸ்ஸி, இவர் ஆமிக்காரனோட இங்கிலிசில சண்டை பிடிச்சவராமே?" என்று கேட்டார்.

என் இருதயம் நின்றது. அந்தக் கொட்டிலில்கூட அப்படி நிற்கவில்லை.

"அண்ணன் மட்டும் இல்லாட்டி நான் அண்டைக்கு வாயே திறந்திருக்கமாட்டன்," என்றா மிஸ்ஸி. கேட்டவர் என் தோளில் தட்டினார்.

போகும்போது பையிலிருந்து அந்தக் கசெற்றை எடுத்து மேசையில் வைத்தா. "இது உங்கட அண்ணே. வைச்சிருங்க."

லண்டனிலும் அவ அந்த மேஜர் கதையை அதன் பாட்டிலேயே விட்டிருக்கிறா. ஒரு பொய்யும் சொல்லாமல், என் பொய்யையும் உடைக்காமல், இத்தனை வருடம். ஷெரின், நீ கேட்ட கதை இதுதான் பிள்ளை. மேஜரை நான் வெல்லவில்லை. உன் அம்மாதான் பேசினா, உன் அப்பாவுக்காக.

ரெலிபோன் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். என்னிடம் மிஸ்ஸியுடையதென்று இருப்பது அந்தக் கசெற் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை பின்னேரம், மூன்று மணிக்கு, பக்கத்து வீட்டுப் பழைய றேடியோவில் போட்டுக் கேட்டேன். கேள்வி வருகிறது. பிறகு அவ யோசிக்கிற ஒரு நிமிடம். அதில் ஒரு ரயில் போகிறது. அவ மூச்சு விடுகிறது கேட்கிறது. பிறகு பதினொரு மாடி, மூன்று வாசல்.

அந்தத் தகரக் கொட்டிலில் என்னைக் கேள்வி கேட்ட ஐயா, நீங்கள் யாரோ, எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கசெற்றில் கேள்வி கேட்கும் ஆண் குரல் என்னுடையது.