லிஃப்ட்காரர் கதையின் கடைசிப் பிரதி

என் சித்தி நூலகத்தில் எழுத்தர். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே தேதி முத்திரை. வீட்டில் சித்தப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். வலது பக்கம் அசையாது. வாய்க்கு மட்டும் குறைவில்லை.

அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு நாவல் எழுதினார். ஒரு கட்டடம், லிஃப்ட் கீழே இறங்க இறங்க மாடிகள் கூடிக்கொண்டே போகும். தரைத்தளத்தைத் தேடியே வயதாகிப்போகும் லிஃப்ட்காரரின் கதை. சொந்தச் செலவில் நூறு பிரதி போட்டார். ஒன்றும் விற்கவில்லை. ஒருநாள் கோபத்தில் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். நூலகத்துக்குக் கொடுத்திருந்த ஒன்று மட்டும் தப்பியது.

பள்ளி முடித்து வேலை கிடைக்காமல் சுற்றும் நான், பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேசும் இணையக் குழு ஒன்றில் அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். இருபது வருடப் பழைய கேம். அதே லிஃப்ட், அதே தேடல். அதைச் செய்தவர் இப்போது உயிரோடு இல்லை. எங்கள் ஊரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது ஏதோ ஒரு நாவலைப் படித்துவிட்டுச் செய்தார் என்று குழுவில் ஒரு வதந்தி. நான் சித்தப்பாவைப் பற்றி எழுதினேன். "புத்தகத்தைக் காட்டு, அச்சான வருடத்தோடு" என்று பதில் வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. "பாத்தியா, ஒருத்தன் படிச்சிருக்கான்!"

"ஒருத்தன் படிச்சதுக்கே இந்த ஆட்டம். ரெண்டு பேர் படிச்சிருந்தா எழுந்து நடந்திருப்பீங்க போல," என்றாள் சித்தி. ஆனால் மறுநாள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன்.

அலமாரியில் புத்தகம் இல்லை. சித்தி இருப்புப் பதிவேட்டைப் பிரித்தாள்.

அங்கே ஒரு விதி உண்டு. ஐந்து வருடம் யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழித்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் கெடு முடியும் முன்னால், சித்தி அந்த நாவலைத் தன் பெயரில் எடுத்து, முத்திரை குத்தி, மறுநாள் திருப்பி வைப்பாள். சித்தப்பாவுக்கு இது தெரியாது. அவர் பக்கவாதத்தில் விழுந்தது அப்படி ஒரு கெடு வருடத்தில். அவரைப் பார்த்துக்கொள்ள எடுத்த எட்டு மாத விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது மேசையில் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களின் கழிவுப் பட்டியல் இருந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். எல்லாம் காகித ஆலைக்குப் போய்க் கூழானது.

பதிவேட்டில் நாவலின் பெயருக்கு எதிரே 'கழிக்கப்பட்டது' என்ற குறிப்பும் சித்தியின் சுருக்கொப்பமும் இருந்தன.

"பதிவேட்டையாவது படம் எடுத்து அனுப்பட்டுமா, சித்தி?"

"அதுல பேருதானே இருக்கு. கதை எங்க இருக்கு?"

அனுப்பினேன். குழுவிலும் அதையேதான் கேட்டார்கள். பிறகு வேறு கேமுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் நாங்கள் செருப்பைக் கழற்றும் முன்னே சித்தப்பா கேட்டார். "கெடச்சுதா?"

சித்தி என்னைப் பார்க்கவில்லை. "யாரோ படிக்க எடுத்துட்டுப் போயிருக்காங்க. இன்னும் திருப்பித் தரல."

சித்தப்பாவின் இடது கை போர்வையைப் பிடித்துக்கொண்டது.

"அபராதம் கிபராதம் போட்டுடாதே," என்றார். "மெதுவா படிக்கட்டும்."

"படிச்சு முடிச்சுட்டாங்களா?" என்று தினமும் கேட்கிறார்.