பஸ்ஸில் வந்த பதக்கம்

எங்கள் புடவைக் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே லட்சுமி படம். அதற்குப் பக்கத்தில் ஒரு வருடம் முழுவதும் என் பதக்கம் தொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் என் கணவர் படத்துக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு அதற்கும் காட்டுவார், சந்தனப் பொட்டும் வைப்பார். சேலை எடுக்க வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்காவிட்டால் அவருக்குப் பொறுக்காது, அவரே தொடங்கிவிடுவார்.

"என் சம்சாரம் கொழும்புல ஓடி வாங்கினது. இருபத்தோரு கிலோமீட்டர். வயசு நாப்பத்தாறு, சொன்னா நம்புவீங்களா?"

நான் ஓடியது பதினான்கு கிலோமீட்டர். மிச்சம் ஏழு கிலோமீட்டரும் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

அந்த ஓட்டத்தில் நேரக்கணக்கு உண்டு. மிகவும் பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு பஸ் மெதுவாகப் பின்னால் வரும். எனக்குப் பக்கத்தில் அது வந்து நின்றபோது கெண்டைக்கால் இரண்டும் கல்லாகியிருந்தன. ஏறினேன். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முடியும் இடத்தில் இறங்கியதும் அங்கே நின்ற பெண்ணொருத்தி சிரித்த முகத்தோடு என் கழுத்திலும் பதக்கத்தைப் போட்டுவிட்டாள். "நான் ஓடி வரவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கல்யாண சீசன் என்பதால் கணவர் கடையை விட்டு வரமுடியாமல் கண்டியிலேயே நின்றுவிட்டார். நான் வீட்டுக்கு வந்தபோது மேசையில் கேக் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு கடைச் சுவரில் ஆணி அடிக்கப் போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, எனக்கு மறைக்கிற வேலைகூட இருக்கவில்லை. பூசணிக்காயை அவரே தூக்கி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

தோற்றதற்குக் காரணம் எங்கள் ஊர்த் திமிர்தான். கண்டிக்காரர்களுக்கு மேடு ஏறுவதில் ஒரு கர்வம் உண்டு. ஓடுவதற்கு முந்திய ஆறு மாதமும் நான் ஹந்தானை மலை ரோட்டில் ஏறி இறங்கித்தான் பழகினேன். அட்டை கடித்தால் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துவிட்டு ஏறினேன். இந்த ஏற்றத்தில் ஓடுகிறவளுக்குக் கொழும்புச் சமதரை எம்மாத்திரம் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். சமதரை என்ன செய்யும் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. மேட்டில் ஓடினால் ஒரு வளைவு தாண்டி இறக்கம் வரும், காலுக்கு வேறு வேலை கிடைக்கும், மூச்சும் திரும்பும். கொழும்பு ரோட்டில் எதுவும் வராது. ஒரே நரம்பு, ஒரே வலி, அதற்கு மேலே உப்புக் காற்றும் காயாத வியர்வையும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அப்படிச் சொல்லவும் வழியில்லை, கூடம் நேராக இருந்ததுதான் என் கஷ்டமே.

இந்த வருடம் மறுபடியும் பெயர் கொடுத்தேன். அந்தப் பதக்கத்தை உண்மையாக்கிவிட வேண்டும், அதன்பிறகு யார் என்ன சாம்பிராணி காட்டினாலும் எனக்குக் கூசாது. ஹந்தானைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கண்டியில் சமதரை என்று சொல்ல எனக்குக் கிடைத்தது வாவியைச் சுற்றிப் போகும் பாதைதான். அதுவும் காலைக் குளிரில் ஓடினால் கொழும்புப் புழுக்கத்துக்குப் பிரயோசனமில்லை. வாரத்தில் மூன்று நாள், மத்தியானம் கடையில் கூட்டம் குறையும் நேரத்தில், உச்சி வெயிலில், நுவரெலியாக் குளிருக்குப் போட்டுக்கொண்டு போகிற கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். குடை பிடித்து நடக்கிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரங்களில் இருக்கும் கொக்குகள் வழிவிடவில்லை. தலையில் எச்சத்தோடு எத்தனையோ நாள் கடைக்குத் திரும்பியிருக்கிறேன்.

பக்கத்துச் சப்பாத்துக் கடை முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம். அவருக்கு என்னைப் பார்த்தால் குஷி.

"தங்கச்சி, அந்தக் கம்பளிச் சட்டைக்குள்ள கோழி வெச்சா வெந்துரும்!"

"ரெண்டு மாசம் பொறுங்க நானா, பிரியாணியே போடலாம்" என்று சொல்லிவிட்டு ஓடுவேன்.

சுற்றுக் கணக்குத் தவறாமல் இருக்க, சேலைக்குக் குத்துகிற ஊக்கு ஆறு எடுத்து இடது கைச் சட்டையில் குத்திக்கொள்வேன். மூன்றரைக் கிலோமீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு ஒன்றாக வலது கைக்கு மாற்றுவேன். நான்காவது ஊக்கு மாறுகிற இடம்தான் நான் பஸ் ஏறிய தூரம். முதல் இரண்டு மாதமும் சரியாக அங்கேதான் கால் நின்றது. வாவிக் கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், என் காலையே திட்டியிருக்கிறேன். பிறகு ஒரு நாள், நடந்தாலும் சரி, ஊர்ந்தாலும் சரி, நான்காவதில் உட்காருவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று ஐந்தாவது சுற்றில் பாதியை நடந்தேன். அடுத்த வாரம் அதே பாதியை ஓடினேன். ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஆறு ஊக்கும் வலது கைக்கு வந்தன. ஆனாலும் கண்டி வெயில் கொழும்பு வெயில் ஆகாது என்ற பயம் போகவில்லை.

அந்த வாரம்தான் நானா கடைக்குள் வந்து குண்டைப் போட்டார்.

"இந்த மொற ஓட்டம் பாக்க நாங்க எல்லாரும் வாரோம் தங்கச்சி. வேன் பேசியாச்சி. பதினஞ்சு பேருக்கு எடம் ஈக்கிது."

கணவர் வெள்ளைப் பொப்ளின் துணியில் என்னை வாழ்த்திப் பதாகை எழுதக் கொடுத்துவிட்டாராம். முடியும் இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்களாம். என் முகம் போன போக்கைப் பார்த்து நானா சிரித்தார்.

"போன வருஷம் ஓடி முடிச்சவதானே, இப்ப என்ன பயம்?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. மகளுக்குக் கூறைச் சேலை எடுக்கப் பன்விலவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கணவர் வழக்கம்போலப் பதக்கக் கதையைத் தொடங்கினார். அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"நானும் முப்பது வருஷமா கூடையோட மலை ஏறி எறங்குறேன் முதலாளி. எனக்கு யாரும் ஒரு மெடல் மாட்டி விடலையே!"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. உழைத்தவர் வெறுங்கழுத்தோடு கீழே நிற்கிறார், ஏமாற்றி வாங்கியது பொட்டு வைத்துக்கொண்டு மேலே தொங்குகிறது. அவர் சேலையோடு படியிறங்கியதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், ஏழு கிலோமீட்டர், கேக், ஒன்றையும் விடவில்லை.

அவர் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்புப் பிசகியது. உதறி மறுபடியும் மடித்தார், அதுவும் பிசகியது.

"ஒரு வருஷமா ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்" என்றார். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"பயந்துட்டேன்."

தேத்தண்ணி வந்தது, ஆறிப்போனது. அவர் மனதை உடைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதினைந்து பேருக்கு முன்னால் மறுபடியும் உடைப்பேனோ என்றும் பயந்தேன். கடைசியில் அவர் அந்தச் சேலையைத் தள்ளி வைத்தார்.

"எந்த எடத்துல ஏறின?"

"கடல் பக்கத்து ரோட்டுல. ஒரு பெட்ரோல் ஷெட்டுக்கு முன்னால."

"சரி. வேன் முடியுற எடத்துக்குப் போகட்டும். நான் அந்த ஷெட்டுக்கிட்ட எறங்கிக்கிறேன்."

"அங்க நின்னு என்னங்க செய்யப் போறீங்க?"

"நீ ஓடிப் போனா கை தட்டுவேன். பஸ்ல ஏறினா நானும் கூட ஏறிக்கிறேன். போன தடவ தனியாத்தானே வந்த."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்படின்னா இந்தத் தடவ அந்த பஸ்ல நீங்க மட்டுந்தான் வரணும்" என்றேன்.