கல்லில் நின்ற வரி

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். வெறுங்கையோடு நியூஜெர்சிக்கு வந்து கல்லறைக் கல் பட்டறை போட்டேன். பிரிட்ஜ்வாட்டரில் வீடு கட்டினேன், பிள்ளைகளை டாக்டராக்கினேன். எவனுக்கும் அசராத என்னை அசைத்தவர் ஒரு பெரியவர்.

லித்துவேனியாவில் ஒரு சிற்றூரில் பிறந்த யூதர். கூன் முதுகு, பழுப்புத் தொப்பி. செத்தவர் கல்லில்தான் அவர்கள் கூழாங்கல் வைப்பார்களாம். இவரோ என் பட்டறையில் எழுத்தே வெட்டாத கற்களின்மேல் வைப்பார். ஏன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் அவர் ஊர் யூதர்களைக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள்; அதற்கு ஒரு நினைவுக்கல் வெட்டத்தான் என்னிடம் வந்தார். வெட்டுமுன் சாக்பீஸால் எழுதிக் காட்டுவது என் வழக்கம். “சுட்டவர்களில் எங்கள் பக்கத்து வீட்டாரும் உண்டு” என்ற வரியை, கூட வந்த அவர் ஊர்க்காரர் சங்கத்தின் தலைவர் கைக்குட்டையால் அழித்தார்.

“இது இருந்தா அந்த ஊர்ல கல்லை நட விடமாட்டாங்க.”

“அப்ப அங்க நட வேண்டாம்.” பெரியவர் சாக்பீஸை வாங்கி மறுபடி எழுதினார்.

தலைவர் மறுபடி கை நீட்டினார். நான் கல் வெட்டும் மெஷினை ஆன் பண்ணினேன்.

“கையை எடுங்க சார். விரல் போயிடும்.”

கல் இங்கேயே கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. திறப்பு விழாவில் தலைவருக்குக்கூட நன்றி சொன்னார்கள். அந்த வரியை அழிக்க முடியாத ஆழத்துக்கு வெட்டியவன் நான். அந்த ஊர் வரலாற்றில் அதையும் எழுதுங்கள்.