அடியில் ஒரு சிட்டிகை மருந்து

தோட்டா அடைக்கும் தொழிலில் நல்ல பெயர் வாங்க வழியே கிடையாது. வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது, நடக்காத ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்லப்போகிறார்கள்? மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள், டிப்போவில் பஸ்ஸுக்கு பிரேக் பார்ப்பவர்கள், நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேதியியல் படித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்துக் கிடந்த காலத்தில், மதுரை டவுனுக்குள் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை கிடைத்தது. பரவையிலிருந்து பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி நடந்து போவேன். குறி பார்த்துச் சுட்டுப் பழகுகிறவர்களின் ரிவால்வர்களுக்கு, சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளிலேயே மறுபடி மருந்து அடைத்துக் கொடுக்க அந்தக் கடைக்கு லைசென்ஸ் இருந்தது. பின்கட்டு அறையில் உட்கார்ந்து அடைப்பது என் வேலை.

டார்ச் லைட்

ரிவால்வர் தோட்டாவின் கூடு பழைய காலத்துக் கருமருந்துப் பொடிக்காகச் செய்தது. அந்தப் பொடி கூடு நிறைய வேண்டும். இப்போதைய மருந்து அவ்வளவு வேண்டாம். காகிதத்தில் ஓட்டை போடுவதற்கு அடியில் ஒரு சிட்டிகை போதும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. தவறிப்போய் ஒரே கூட்டில் இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. இன்னும் இடம் இருக்கும். மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்திவிட்டால் நல்லதும் கெட்டதும் வெளியே ஒரே மாதிரி பளபளக்கும். வித்தியாசம், சுடுகிறவரின் கைக்குள் ரிவால்வர் வெடிக்கும்போதுதான் தெரியும்.

அதனால் கூடுகளை வரிசையாக நிறுத்திய ஒரு தட்டு முழுக்க மருந்து போட்டதும், குண்டு வைக்கும் முன்னால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். கடையில் டார்ச் வாங்கித் தரவில்லை. என் காசில் வாங்கினேன். முதல் முறை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி வாசலில் நின்று கேட்டார்: “என்னடா பி.எஸ்ஸி., கெணத்துல விழுந்த வாளியத் தேடுற மாதிரி பாக்குற?”

கூப்பிட்ட குரலுக்கு

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பெரிய மனிதர்கள் யாராவது வந்துவிட்டால் முதலாளி குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவன் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து வந்து வணக்கம் சொல்லி, நாற்காலி போட்டு, காபிக்கு ஓட வேண்டும். பாதித் தட்டில் மருந்து அளக்கும் கரண்டியை வைத்துவிட்டு ஓடுவேன். திரும்பி வந்தால் எந்தக் கூடு வரை போட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய தெரியும். இந்த வேலையில் ஏறக்குறைய என்பதற்கு இடமே இல்லை.

அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பாதியில் எழுந்தால், போட்ட மருந்தையெல்லாம் டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டு முதல் கூட்டிலிருந்து ஆரம்பிப்பது. பெரிய மனிதர்கள் அதிகம் வரும் நாளில் சாயங்காலம் வரை ஒரு தட்டுகூட முடியாது. முதலாளி ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார். கோபப்படாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: “ஒரு வேலைய நாலு வாட்டி செய்யிறதுக்கா உங்கப்பா வயல ஒத்திக்கு வச்சுப் படிக்க வச்சாரு?”

சத்தம் போதவில்லை

சோழவந்தான் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் எங்களிடம் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகினார். நான் அடைத்ததை இரண்டு வாரம் சுட்டுவிட்டு முகம் வாடி வந்தார். குறி தப்புகிறதா என்று கேட்டேன். குறியெல்லாம் பிரமாதம் என்றார். துப்பாக்கி கையில் உதைக்கவில்லை, சத்தமும் வரவில்லை, பக்கத்துத் தோப்புக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் அவருடைய குறை. உங்கள் ரிவால்வர் பழசு, இதற்கு மேல் அது தாங்காது என்று எடுத்துச் சொன்னேன்.

முதலாளி கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னார். முடியாது என்றேன். அந்தச் சொல்லை நான் அந்தக் கடையில் சொன்னது அன்றுதான். பண்ணைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்: “ஏந்தம்பி, இம்புட்டுச் சத்தத்துக்கு நான் கையத் தட்டிட்டுப் போயிருவேனே.”

புதுக் கை

மறுவாரமே முதலாளி தன் மச்சினன் செல்வத்தைப் பின்கட்டில் உட்கார வைத்தார். எனக்குக் கடையின் முன்பக்கத்தில் கவுண்டர் வேலை. செல்வம் நல்ல பையன், சிரித்த முகம், என்னைவிட இரண்டு வயது இளையவன். மதியத்துக்குள் நான் ஒரு நாள் முழுக்கச் செய்யும் வேலையை முடித்துவிடுவான். டார்ச்சை அவனிடம் நீட்டினேன்; ஆணியில் மாட்டி வைத்தான்.

முதலாளி கூப்பிட்டதும் கரண்டியை வைத்துவிட்டு ஓடுவான். காபி கொடுத்துவிட்டு வந்து, தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விட்ட இடம் என்று தோன்றுகிற இடத்திலிருந்து தொடருவான். தெரியாவிட்டால் கொட்டிவிட்டுத் திரும்பப் போடு என்று கெஞ்சினேன். யாருடைய விரலாவது போய்விடும் என்றும் சொன்னேன். அவன் என் தோளில் தட்டினான்: “மண்டை மறந்தாலும் கையி ஞாபகம் வச்சிருக்கும்ணே.”

புஸ்

ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. ஒருவர் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் சுட்டுப் பழகுவார். ஒரு நாள் ரிவால்வரோடும் மிச்சத் தோட்டாக்களோடும் நேரே கடைக்கு வந்தார். ஒரு தோட்டா ‘புஸ்’ என்றதாம். காகிதத்தில் ஓட்டை விழவில்லையாம். போலீஸ் பழக்கம், அத்தோடு நிறுத்திவிட்டார். செல்வம் அடைத்த அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. கூட்டின் அடியில் இருக்கும் பொட்டு வெடித்த வேகத்துக்கே குண்டு நகர்ந்து குழலின் நடுவில் சிக்கியிருந்தது. அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும்.

குண்டைத் தள்ளி எடுத்து ரிவால்வரைக் கொடுத்து அனுப்பப் பார்த்தார் முதலாளி. எனக்கு வேறு பயம். ஒரு முறை எழுந்து போய் வந்து ஒரு கூட்டைத் தாண்டியவன், இன்னொரு முறை ஒன்றிலேயே இரண்டு தடவை கொட்டியிருக்கலாம். மிச்சத்தைப் பிரிக்க வேண்டும் என்றேன். எடை போட்டுப் பார்த்தால் போதாதா என்றார் முதலாளி. போதாது. ஈயக் குண்டுக்குக் குண்டு இருக்கும் எடை வித்தியாசமே அந்தச் சிட்டிகை மருந்தை விழுங்கிவிடும். டி.எஸ்.பி. காபி குடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகக் குண்டைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் கொட்டினேன். கடைசிக்குச் சற்று முன்னால் அது வந்தது. மற்றவை ஒரு சிட்டிகை என்றால் அது சரியாக இரண்டு சிட்டிகை.

தாளை மடித்து வைக்கும்படி முதலாளி கண்ணால் ஜாடை காட்டினார். டி.எஸ்.பி. எல்லாம் சரிதானே என்று கேட்டார். நான் தாளை அவர் முன் வைத்து, இது உங்கள் கையை எடுத்திருக்கும் சார் என்றேன். அவர் தன் வலது கையை ஒரு முறை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார். பிறகு, யார் அடைத்தது என்று கேட்டார். முதலாளி யோசிக்கக்கூட இல்லை: “இவன்தான் சார், படிச்ச பையன்னு நம்பி விட்டேன்.”

செல்வம் தரையைப் பார்த்தான். நான் இல்லை சார் என்றேன். நாக்கு குழறியது. உண்மையைச் சொல்லும்போதும் எனக்குக் குழறும். டி.எஸ்.பி. என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இத்தன தோட்டால எதுல இருக்குன்னு தேடிப் பிரிச்சுக் காட்டுறியே தம்பி, வச்சவனுக்குத்தான எடம் தெரியும்?”

அன்றோடு டி.எஸ்.பி.க்கு வலது கை மிஞ்சியது, செல்வத்துக்கு வேலை மிஞ்சியது, எனக்கு என் காசில் வாங்கிய டார்ச் லைட் மிஞ்சியது.