வெள்ளை விரிப்பில் விழுந்த புள்ளிகள்

சலவைக் கடை நடத்தும் அவளைத் தெருவில் 'ஏன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் ஒரு "ஏன்?" போடாமல் விடமாட்டாள்.

விடுதியிலிருந்து வரும் வெள்ளை விரிப்புகளில் திடீரென்று பழுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. விடுதி மேலாளர் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார். அவள் கணவருக்குத் தலைக்கேறிய கோபம். "எல்லாம் அந்தப் புது சோப்புத்தூள்!" என்று வியாபாரியிடம் போய்க் கத்திவிட்டு வந்தார்.

"சோப்புதான்னு எப்படிங்க தெரியும்?"

"வேற என்னவா இருக்கும்?"

"எனக்கு நம்ம குழாய்த் தண்ணி மேல சந்தேகம். சந்தேகப்பட்டா போதுமா? பார்த்துடுவோம்."

பழைய விரிப்பு ஒன்றை நாலாகக் கிழித்தாள். கடைத் தண்ணீரில் இரண்டு, பக்கத்து வீட்டுத் தண்ணீரில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குப் பழைய தூள், மற்றதற்குப் புதுத் தூள். துவைத்துக் கடைக்குள்ளேயே நைலான் கயிற்றில் காயப்போட்டாள். நாலும் பளிச்சென்று இருந்தன.

கணவர் சிரித்துவிட்டார். "என் சோப்பும் போச்சு, உன் தண்ணியும் போச்சு!"

அவள் முகம் வாடவே இல்லை. "ரெண்டு பேருமே தப்பு. சரி, விரிப்புக்குச் செஞ்சு இதுக்குச் செய்யாதது என்ன?"

விரிப்புகள் காய்வது மொட்டை மாடிக் கம்பியில். கோளாறு மாடியிலா, கம்பியிலா? நைலான் கயிற்றை மாடிக்கே கொண்டுபோய்க் கம்பிக்குப் பக்கத்தில் கட்டினாள். துண்டுகளை நனைத்து, இரண்டைக் கயிற்றில், இரண்டைக் கம்பியில் போட்டாள். காய்ந்ததும் பார்த்தால், கம்பியில் கிடந்தவற்றில் மட்டும் புள்ளிகள். கம்பியை விரலால் தடவினாள். அதன் மேல் பிளாஸ்டிக் உறையில் பொடிப் பொடியாக வெடிப்பு, உள்ளே துரு.

கம்பியைக் கழற்றி எறிந்தார்கள். விரிப்புகள் சுத்தமாக வந்தன. கணவர் நிம்மதியாக உட்கார்ந்தபோது அவள் அதே கம்பியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா? அதான் சரியாயிடுச்சே!"

"வேற எதனாலயாவது சரியாயிருந்தா? திரும்பக் கறை வந்தாத்தான் நம்புவேன்."

வந்தது. கறையைப் பார்த்துப் பூரித்துப்போன சலவைக்காரி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்றைக்கே கணவரை இழுத்துக்கொண்டு சோப்பு வியாபாரியிடம் போனாள். கறைக்குக் கம்பிதான் காரணம் என்று சொல்லி, கணவர் தலையைச் சொறிந்துகொண்டே மன்னிப்புக் கேட்டார்.

"பரவாயில்லை விடுங்க. கம்பின்னு கண்டுபிடிச்சது யாரு?" என்றார் வியாபாரி.

"என் பொண்டாட்டி! முதல்ல, தான் நினைச்சது தப்புன்னு கண்டுபிடிச்சா. அப்புறம்தான் கம்பியை. எனக்கு அது வருமா சொல்லுங்க!" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள். நிறுத்தச் சொல்லவில்லை.